ஆற்றில் பிடித்த கார்டினல் டெட்ரா: முதல் ஆறு வாரப் பராமரிப்பு

பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றில், பார்செலோஸ் ஊரைச் சுற்றியுள்ள மீனவர்கள் பிடிக்கும் கார்டினல் டெட்ரா என்னும் சிறிய வண்ணமீன், பல கைகள் மாறி, பட்டினியும் அலைச்சலுமாக நம் தொட்டிக்கு வந்து சேர்கிறது. அதன் சொந்த ஆற்று நீர் தேநீர் நிறத்தில், தாது உப்புகள் ஏறக்குறைய இல்லாமல், பி.எச். (அமில-கார அளவு, 7-க்குக் கீழே அமிலம்) 5-ஐ ஒட்டிய அமிலத்தன்மையோடு இருக்கும். வந்த சில நாட்களிலேயே இம்மீன்கள் இறந்தால் நாம் மருந்தைத் தேடுகிறோம், ஆனால் பி.எச்., மீன் கழிவில் உருவாகும் அம்மோனியா ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பழகியவர்களுக்கு மருந்தின் தேவை பெரிதும் குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. பண்ணையில் பிறந்த கார்டினல்களும் விற்பனைக்கு வருகின்றன. அவை சற்று உறுதியானவை என்பதால், வாங்கும்போதே எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: தனித்தொட்டி

புதிய மீன்களைப் பெரிய தொட்டியில் சேர்ப்பதற்கு முன் தனியே வைத்துக் கவனிக்க, ஏறத்தாழ 50 லிட்டர் தொட்டியை, அடியில் மணல் பரப்பாமல், மூடியுடனும் மங்கிய வெளிச்சத்துடனும் அமையுங்கள். வேறொரு நலமான தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டரை இதற்கு மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் சிறிதளவு குழாய்த் தண்ணீரைக் கலந்து, பி.எச். 6 முதல் 6.5 வரையிலும் வெப்பம் 26 டிகிரியிலும் நிற்கச் செய்து, காய்ந்த நாட்டுவாதாம் இலைகள் இரண்டை இடுங்கள். ஆற்றைப் போலவே 5-க்கு இறக்கும் ஆசை தொடக்கத்தில் வேண்டாம், பி.எச். 6-க்குக் கீழே சென்றால் அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகிவிடும்.

படி 2: பையைத் திறத்தல்

அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். நெடும்பயணத்தில் மீன்கள் வெளிவிடும் கரியமில வாயு, பையிலுள்ள நீரின் பி.எச். அளவைக் குறைக்கிறது, அதனால் அங்கே சேர்ந்த கழிவு, தீங்கு குறைந்த அம்மோனியம் என்னும் வடிவிலேயே தங்கியிருக்கிறது. பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறி பி.எச். உயர, அதே கழிவு நச்சான அம்மோனியாவாக மாறத் தொடங்கும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 எனில் மொத்தக் கழிவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் நச்சுப் பங்கு, பி.எச். 8 எனில் ஐந்து சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆகவே நெடும்பயணம் செய்த பையைத் திறந்துவைத்து, சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை மணிக்கணக்கில் கலப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும்.

மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, மீன்களை மென்மையான வலையில் எடுத்து உடனே தொட்டியில் விடுங்கள். பை நீர் ஒரு துளியும் தொட்டிக்குள் போகக் கூடாது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கடைத் தொட்டியின் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த) அளவை முன்கூட்டியே கேட்டு, உங்கள் தொட்டியையும் அதே அளவில் வைத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு வாரங்களில் மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

படி 3: அன்றாட நீர்ப் பராமரிப்பு

முதல் இரண்டு வாரம் அம்மோனியாவையும், அதைப் பாக்டீரியாக்கள் மாற்றும்போது உருவாகும் நச்சான நைட்ரைட்டையும் தினமும் சோதியுங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து சதவீத நீரை, அதே பி.எச்., அதே வெப்பம் கொண்ட நீரால் மாற்றுங்கள். அமில நீரில் அம்மோனியம் சேர்ந்திருக்கும் நிலையில், பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை அவசரமாக ஊற்றினால், நலமாகத் தெரிந்த மீன்கள் சில மணி நேரத்தில் இறக்கக்கூடும். உணவாக ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலின் குஞ்சுகளைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள்.

படி 4: நோயை அடையாளம் காணுதல்

உப்புத் தூள் தெளித்தாற்போல் புள்ளிகள் தெரிந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். தோலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. நீரில் நீந்தும் குஞ்சுப் பருவத்தை மட்டுமே கொல்லும். எனவே வெப்பத்தை நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 30 வரை உயர்த்தி அதன் வாழ்க்கைச் சுழற்சியை விரைவுபடுத்தி, காற்றோட்டத்தைக் கூட்டி, மாலகைட் கிரீன் உள்ள மருந்தைப் பாதி அளவில் கொடுங்கள். டெட்ரா இனங்களுக்கு முழு அளவு கடுமையானது. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் தொடருங்கள்.

வாயோரம் பஞ்சு போன்ற படலமோ முதுகில் வெளிறிய பட்டையோ தெரிந்தால், அது பூஞ்சையாக இல்லாமல் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோயாக இருக்கலாம். வெப்பம் அதை விரைவாகப் பரப்பும். ஆகவே மேற்சொன்ன சிகிச்சையை இங்கே செய்யாமல், வெப்பத்தை 25 டிகிரிக்கு மெதுவாக இறக்கி, ஆன்டிபயாடிக் பற்றி மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டியே இருந்தால் குடற்புழுக்களை ஐயப்படலாம். ஆசனவாயில் சிவப்பு நூல் போலத் தொங்குவது கமலானஸ் புழு. லெவாமிசோல் என்னும் புழுநீக்கி மருந்து அதைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும். மறுநாள் தொட்டியின் அடியை முழுமையாக உறிஞ்சி எடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை மருந்திடுங்கள்.

படி 5: பெரிய தொட்டிக்கு மாற்றுதல்

கடைசி நோய்க்குறி மறைந்து இரண்டு வாரமேனும் ஆகியிருக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் தனித்தொட்டியின் நீர் மாற்றத்துக்குப் பெரிய தொட்டியின் நீரையே பயன்படுத்தி, இரண்டின் டி.டி.எஸ்., பி.எச். அளவுகள் ஒன்றானதும், விளக்கை அணைத்துவிட்டு மாலையில் கூட்டத்தை முழுவதுமாக ஒரே தடவையில் மாற்றுங்கள்.