முட்டைக் கோளாறு இருக்குற கோழிக்கு ராத்திரி லைட் வேணாம்

எங்க நாட்டுக்கோழிக்கு முட்டைக்குழாய்ல தீராத வீக்கம், ஓடு இல்லாத தோல்முட்டையா போடுவா, சில சமயம் மஞ்சக்கரு வயித்துக்குள்ளயே தங்கி வயிறு தண்ணி ரொப்பின பலூன் மாதிரி தொங்கும், பென்குயின் கணக்கா நிமிர்ந்து நடப்பா. முழுசா குணமாகுறது கஷ்டம், முட்டை குறைஞ்சா தான் அவளுக்கு ரெஸ்ட்டு. வெளிச்சம் 14 மணி நேரத்துக்கு மேல போனா முட்டை ஜோரா வரும், அதனால பொழுது சாஞ்சதும் கூட்டு லைட்ட அணைச்சிடுங்க, சாயங்காலமே காத்து போற மாதிரி சாக்கு போட்டு மறைச்சா இன்னும் நல்லது. அடை உக்காந்தா தண்ணில முக்கி தெளிய வைக்காதீங்க (எங்க பாட்டி அப்படித்தான் செய்யும்), அடைல இருக்குற வரைக்கும் முட்டை வராது, தீனிக்கு மட்டும் எழுப்பி விடுங்க. வாரம் ஒருதடவை எடை போட்டு வயித்த தடவி பாருங்க, தீனி குறைஞ்சும் எடை ஏறுச்சுன்னா உள்ள நீர் கோக்குதுன்னு சந்தேகப்படலாம், உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, நீங்களா ஊசி குத்தி நீர எடுக்காதீங்க.