பதற்றம்தான் பவளத்தை மிதிக்க வைக்கிறது: ஸ்நார்கெலிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, கடலின் மேற்பரப்பில் மிதந்தபடி அடியைப் பார்ப்பதுதான் ஸ்நார்கெலிங். அதற்குப் போகிறவர்கள் பவளத்தை மிதிப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே அல்ல, பதற்றத்தில்தான். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகும், குழாய் வழியாக ஒரு வாய் உப்புத் தண்ணீர் ஏறும், மூச்சு முட்டும். கால் உடனே ஊன்ற இடம் தேடும். கீழே இருப்பதோ பவளம்.

அதனால் பழகாமல் நேராகப் பவளத்திட்டுக்குப் போவதைத்தான் முதல் தவறு என்பேன். இடுப்பளவு ஆழத்தில், மணல் தரை உள்ள இடத்தில் குப்புற மிதந்து, வாயால் மெதுவாக மூச்சுவிட்டுப் பழகுங்கள். குழாயில் தண்ணீர் ஏறினால் பதற வேண்டாம். பலமாக ஒரே ஊதாக ஊதினால் வெளியேறிவிடும். நீச்சல் அவ்வளவாக வராதவர்கள் மிதவை ஜாக்கெட் போடக் கூச்சப்படவே கூடாது.

மாஸ்க் கசிந்தால் பலரும் பட்டையை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க சிலிகான் விளிம்பு மடங்கி, கசிவு அதிகமாகும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போதே பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிப் பாருங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். விளிம்புக்கு அடியில் நாலு முடி சிக்கினாலே தண்ணீர் வரும். கண்ணாடி மங்குகிறதா? உள்பக்கம் எச்சில் தடவி, லேசாக அலசினால் போதும்.

சரி, பவளத்துக்கு வருவோம். பார்வைக்குப் பாறை மாதிரி இருந்தாலும் மேலே படர்ந்திருப்பது உயிருள்ள மெல்லிய தோல். ஒவ்வொரு சின்னக் குழியிலும் பாலிப் என்ற ஒரு குட்டி உயிரி உட்கார்ந்திருக்கிறது. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. உடம்பை நிமிர்த்தி, செங்குத்தாக நின்றபடி காலில் மாட்டிய துடுப்பை அடித்தால் அடியில் உள்ள மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். அந்த மணலைத் தள்ளிவிடப் பவளம் சளி போன்ற திரவத்தைச் சுரக்க வேண்டியிருக்கும், சக்தி வீணாகும். படுத்தவாக்கில், இடுப்பிலிருந்து சின்னச் சின்னதாக உதையுங்கள். அசையாமல் மிதந்தால் இன்னொரு லாபமும் உண்டு: கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் காதில் தெளிவாக விழும்.

சன்ஸ்கிரீன் விஷயத்திலும் கவனம் தேவை. பவளத்தைப் பாதிக்கும் என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் ஆகிய வேதிப்பொருட்கள் கலந்தவற்றின் விற்பனைக்கு ஹவாய் 2021 முதல் தடை போட்டது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020-லேயே தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் முழுக்கை நீச்சல் சட்டையே மேல். முதுகும் கருகாது, கடலிலும் எதுவும் கலக்காது.

கடலாமையைத் துரத்தாதீர்கள். மூச்சு வாங்க அது மேலே வந்தாக வேண்டும், அந்த வழியை மறிக்கக் கூடாது. அழகாக இருக்கிறதே என்று கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் அதன் விஷம் ஆளைக் கொல்லக்கூடும். பவளத்திட்டில் வாழும் டைட்டன் டிரிகர் என்ற பெரிய மீன் கூட்டைக் காக்கும்போது சீறிக்கொண்டு வரும். அது தன் எல்லையாக நினைப்பது கூட்டுக்கு நேர் மேலே, உயர உயர அகன்றுகொண்டே போகிறது. ஆகவே மேலே எழும்பினால் தப்ப முடியாது, பக்கவாட்டில் விலகுங்கள். கல்லைப் போலவே கிடக்கும், விஷ முள் கொண்ட கல்மீனைத் தெரியாமல் மிதித்துவிட்டால், காலைத் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் வைத்துக்கொண்டு, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

நன்றாக நீந்துகிறவர்களும் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. அடியில் மூழ்கிப் பார்க்கும் ஆசையில், படபடவென்று பலமுறை ஆழமாக மூச்சிழுத்துவிட்டு முங்குவார்கள். இதனால் உடலில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் குறைகிறது. மூச்சுவிடச் சொல்லி உடம்பை உந்துவதே அந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். அது குறைந்துவிட்டால், எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீருக்குள் நினைவு தப்பிவிடும். இயல்பாக மூச்சுவிட்டு, ஒரே ஒரு முறை இழுத்து முங்குங்கள். அப்போதும் மேலே ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம், நீரோட்டம். இறங்கியதும் அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். லேசான ஓட்டம் என்றால் முதலில் அதை எதிர்த்து நீந்துங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும். எதிர்த்து நீந்தவே முடியவில்லையா, அன்றைக்கு இறங்க வேண்டாம். மீன் பார்க்கிற சுவாரசியத்தில் தூரம் போவது தெரியாது. அடிக்கடி தலையைத் தூக்கிக் கரையையும் கூட வந்தவரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.