பழைய ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: ஹார்ட்டெயிலில் இருந்து வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிளான ஹார்ட்டெயிலிலேயே பல வருடம் ஓட்டியவர், முதல்முறை பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள ஒரு பழைய ஃபுல் சஸ்பென்ஷனில் ஏறினால் இறக்கத்தைவிட ஏற்றத்தில்தான் அசந்துபோவார். மரவேர்கள் குறுக்கே கிடக்கும் செங்குத்துப் பாதையில் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் துள்ளும், பிடியை விடும், வெறுமனே சுற்றும். இதில் சீட்டில் உட்கார்ந்தபடியே மிதித்தால் போதும், சக்கரம் மண்ணை விடாமல் ஏறிவிடும். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது இடுப்பும் வலிக்காது. அன்று ராத்திரியே பழைய சைக்கிள் விளம்பரங்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

தேடினால் மலிவாகவும் கிடைக்கும். 2013-14 வாக்கில் பெரிய நிறுவனங்கள் டிரெயில் சைக்கிள்களை 26 இன்ச் சக்கரத்திலிருந்து 27.5-க்கும் 29-க்கும் மாற்றிவிட்டன. அதனால் 2003 முதல் 2012 வரை வந்த நல்ல 26 இன்ச் வண்டிகள், சான்டா குரூஸ் சூப்பர்லைட், ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் எஃப்எஸ்ஆர், ஜயன்ட் டிரான்ஸ், டிரெக் ஃபியூயல் போன்றவை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிதாக விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்குப் போகின்றன. (நம் ஊர்க் கடைகளில் 'டபுள் சஸ்பென்ஷன்' என்று தொங்கும் இரும்பு வண்டிகளை இவற்றோடு சேர்க்க வேண்டாம். அவற்றில் பின்னால் இருப்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்க எண்ணெய் டேம்பர் கிடையாது.)

பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா, டயர் வெடித்திருக்கிறதா என்பதை யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். ஹார்ட்டெயில் பழக்கத்தால் கண்ணில் படாமல் போகிறவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

'ஷாக்கை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று வாங்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் ஒரு அளவு நாடாவும் பத்து நிமிடமும் இருந்தால் தவிர்த்திருக்கலாம். ஹார்ட்டெயிலில் எந்தப் பாகம் கெட்டாலும் கடையில் வேறொன்று கிடைக்கும். அந்த நம்பிக்கையோடு பின் ஷாக்கை, அதாவது பின்சக்கரத்தின் அதிர்வை வாங்கும் பாகத்தை, பார்க்கிறார்கள். புதிய ஏர் ஷாக் (காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்வது) ஒன்று பல நூறு டாலர். பல சமயம் முழுச் சைக்கிளுக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். அதுவும் பொருந்துகிற அளவில் கிடைத்தால்தான்.

ஷாக்கின் அளவு இரண்டு எண். முதலாவது இரண்டு போல்ட் துளைகளின் மையத்துக்கு மையம் உள்ள நீளம். இரண்டாவது ஸ்ட்ரோக், அதாவது தண்டு உள்ளே போகக்கூடிய தூரம். பழைய வண்டிகளில் அடிக்கடி வருபவை 165×38, 190×51, 200×51, 200×57, 216×63 மி.மீ. இவை இன்ச் கணக்கில் பிறந்த அளவுகள். 2016-க்குப் பிறகு வந்த மெட்ரிக் ஷாக்குகள் 210×50, 210×55, 230×60 என்று போகும். 200 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 210-ஐத் திணித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், முன்சக்கரத்து ஃபோர்க் நுழையும் ஹெட் டியூபின் கோணம் செங்குத்தாகும், பின்சக்கரத்தைத் தாங்கும் இணைப்புக் கைகள் தவறான கோணத்திலிருந்து அசையத் தொடங்கும். குட்டையானதைப் போட்டால் பெடல் ஒவ்வொரு கல்லிலும் இடிக்கும்.

நீளம் சரி, ஸ்ட்ரோக் மட்டும் கொஞ்சம் கூட என்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். 51 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பின்சக்கரம் 120 மி.மீ. அசையும் வண்டி என்றால் விகிதம் சுமார் 2.35. அங்கே 57 மி.மீ. ஷாக்கைப் போட்டால் சக்கரம் கிட்டத்தட்ட 135 மி.மீ. மேலே வரும். அந்தக் கூடுதல் 15 மி.மீ.யில் டயர் சீட் குழாயைக் கடிக்கும், அல்லது இணைப்புக் கை ஃபிரேமில் மோதும். கடையில் தள்ளிப் பார்த்தால் தெரியாது. முதல் பெரிய குதிப்பில் தெரியும்.

வேறு ஷாக்கே போட முடியாத வண்டிகளும் உண்டு. ஸ்பெஷலைஸ்டு எபிக்கின் 'பிரெயின்' ஷாக்கில் ஒரு வால்வுப் பெட்டி பின் அச்சுக்கு அருகில் தனியாக உட்கார்ந்திருக்கும், குழாயால் இணைத்திருப்பார்கள். டிரெக்கின் டிஆர்சிவி இரண்டு காற்று அறை கொண்டது. ஸ்காட் ஜீனியஸிலும் 2011-இல் வந்த கேனண்டேல் ஜெக்கிலிலும் இருப்பவை அமுங்குவதற்குப் பதில் இழுபடும் ஷாக்குகள். நல்ல நிலையில் இருந்தால் இவை அருமையாக ஓடும். கெட்டால், அதே ஷாக்கைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆளைத் தேடுவதைத் தவிர வழி குறைவு. முதல் ஃபுல் சஸ்பென்ஷனுக்கு இவற்றை விட்டுவிட்டு, சாதாரண 190 அல்லது 200 மி.மீ. ஷாக் இருக்கும் வண்டியைப் பாருங்கள்.

இப்போது அந்தப் பத்து நிமிடம். விற்பவர் வீட்டுக்குப் போகும்போது ஷாக் பம்ப், அளவு நாடா, டார்ச், ஆலன் கீ செட் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாரும் உட்காராத நிலையில் ஷாக்கின் தண்டு முழுதாக வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். பாதி உள்ளே போய் நின்றிருந்தால் விற்பவர் 'காற்று இறங்கியிருக்கிறது, அடித்தால் எழுந்துவிடும்' என்பார். 250 பிஎஸ்ஐ அடித்தும் எழவில்லை என்றால் அது காற்றுக் குறைவே இல்லை. ஏர் ஷாக்கில் இரண்டு அறைகள்: ஒன்று தண்டை வெளியே தள்ளும், மற்றொன்று உள்ளே இழுக்கும். நடுவில் உள்ள சீல் தேய்ந்தால் அடிக்கிற காற்றெல்லாம் இழுக்கும் அறைக்குப் போய்ச் சேர்ந்து தண்டை அங்கேயே பிடித்துவைக்கும். மேலும் அடித்தால் மேலும் இறுகும். இந்த நிலையில் ஷாக்கின் உறையைக் கழற்றவே கூடாது. வால்வைத் திறந்து காற்றை விட்டாலும் அந்த இழுக்கும் அறையில் அழுத்தம் அப்படியே இருக்கும். மரை விடுபடும் கணத்தில் உறை துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பாயும். சர்வீஸ் செய்பவர்களுக்கே விட வேண்டிய வேலை அது.

தண்டு சரியாக இருந்தால் சீட்டை அழுத்தி விடுங்கள். எழும்போது சளக் சளக் என்று சத்தம் கேட்டால் டேம்பர் எண்ணெயில் காற்று கலந்திருக்கிறது. எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி மறுபடி அழுத்துங்கள். எழும் வேகம் மாறவில்லை என்றால் டேம்பர் போய்விட்டது. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பளபளப்பு இருக்கலாம். ஈரமான வளையம் இருக்கக் கூடாது. மேற்பூச்சு உரிந்து கோடு விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் கிழியும்.

பிறகு சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கித் தூக்கி விடுங்கள், இன்னொரு கையின் விரலை ஷாக் போல்ட்டின் மேல் வைத்துக்கொண்டு. டொக் என்று விரலுக்குத் தெரிந்தால் அங்கிருக்கும் புஷ் (போல்ட்டைச் சுற்றிய சிறு வளையம்) தேய்ந்திருக்கிறது. இது மட்டும் பயப்படத் தேவையில்லாத குறை. புஷ் மலிவு, பெஞ்ச் வைஸும் சரியான அளவு சாக்கெட்டும் இருந்தால் வீட்டிலேயே அழுத்தி மாற்றலாம். விலையைக் குறைக்க நல்ல சாக்கும் கூட.

சீல் மட்டும் போயிருந்தாலும் தப்பிக்கலாம். காற்று உறையின் சீல் செட் அதிக விலை இல்லை. ஓட்டத்தைப் பொறுத்து அவ்வப்போது எப்படியும் மாற்ற வேண்டியது. டேம்பர் பக்கம் வேறு கதை. அங்கே நைட்ரஜன் அடைக்க வேண்டியிருப்பதால் தனி வசதி உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பும் செலவையும் வாங்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

கல் மாதிரி காற்று அடைப்பது

ஹார்ட்டெயிலில் இருந்து வருபவருக்குப் பின்பக்கம் அமுங்குவதே வண்டி கெட்டுப்போனது போல இருக்கும். அது அமுங்காத வரைக்கும் காற்றடிப்பார். பிறகு 'இதுக்கும் ஹார்ட்டெயிலுக்கும் வித்தியாசமே இல்லையே' என்பார். இருக்காதுதான்.

உட்கார்ந்த உடனே ஸ்ட்ரோக்கில் 25 முதல் 30 சதவீதம் அமுங்க வேண்டும். இதற்குப் பெயர் சேக். 51 மி.மீ. ஷாக்கில் அது 13 முதல் 15 மி.மீ. உடல் எடையைப் பவுண்டில் எடுத்து அதே எண்ணை பிஎஸ்ஐயாக அடித்துத் தொடங்குங்கள்: 75 கிலோ என்றால் 165. தண்ணீர்ப்பை, பை, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏறி உட்காருங்கள். தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, குலுங்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளங்கள். 10 பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ மறுபடி பாருங்கள்.

பம்பை மறுபடி மாட்டும்போது முள் முன்பைவிடக் கீழே காட்டும். காற்று கசியவில்லை, ஷாக்கில் இருந்த காற்றில் கொஞ்சம் பம்பின் குழாயை நிரப்பியிருக்கிறது. இதைக் கசிவு என்று நினைத்து ஷாக்கையே பிரித்தவர்கள் உண்டு.

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். எழுந்து மிதித்தால் ஊஞ்சலாடும். உட்கார்ந்து சீராகச் சுற்றினால் வண்டி தன் வேலையைச் செய்யும்.

லாக்-அவுட் (ஷாக் அமுங்காமல் பூட்டும் விசை) போட்டபடி இறக்கத்தில் பாய்வது

ஷாக் போகும்.

பிவட் ஆட்டத்தைச் சக்கர ஆட்டம் என்று நினைப்பது

பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொட என்கிறது. ஹார்ட்டெயில்காரர் உடனே ஹப் பேரிங்கைக் குறை சொல்வார். சக்கரத்தை விட்டுவிட்டுப் பின்முக்கோணத்தையே பிடித்து ஆட்டுங்கள். அதுவும் ஆடினால் கோளாறு பிவட் பேரிங்கில், அதாவது இணைப்புக் கைகள் அசையும் மூட்டில்.

ஷாக்கின் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சிக்கிச் சிக்கிப் போனால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. பிவட் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, சில டிகிரிதான் அசைகிறது. குண்டுகள் வருடக்கணக்காக ஒரே இடத்தில் அழுத்தி அங்கேயே பள்ளம் போட்டுவிடுகின்றன.

வண்டியின் பெயர் போட்டு விற்கும் பேரிங் கிட் தேவையில்லை. பேரிங்கின் ரப்பர் மூடியில் 6900, 6902, 608 என்று எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம். உள்ளே கூண்டு இல்லாமல் குண்டுகளை நிறைத்த 'மேக்ஸ்' வகை கிடைத்தால் பிவட்டுக்கு அதுவே நல்லது. புதியதை உள்ளே அழுத்தும்போது சாக்கெட் வெளி வளையத்தில் மட்டும் உட்கார வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் புதுப் பேரிங் போட்ட அன்றே பழசாகிவிடும். சுத்தியல் வேண்டாம், நீளமான போல்ட்டும் இரண்டு வாஷரும் போதும்.

கையோடு டார்ச் அடித்து விரிசலும் பாருங்கள்: ஷாக் மாட்டும் இடத்து வெல்டிங், மேல்குழாயும் சீட் குழாயும் சேரும் இடம், செயின் பக்கத்துக் கீழ்க்கை. அலுமினியத்தில் விரிசல் கண்டால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

பிவட்டில் டபிள்யூடி-40

இருக்கிற கிரீஸையும் கழுவிவிடும். வேண்டாம்.

செயினை ஹார்ட்டெயில் கணக்கில் வெட்டுவது

சக்கரம் மேலே எழும்போது பல வடிவமைப்புகளில் பின் அச்சு பெடல் அச்சிலிருந்து விலகிப்போகும். நின்ற நிலையில் அளந்து வெட்டிய செயின் அப்போது போதாது. பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது ஒரு பள்ளத்தில் முழுதாக அமுங்கினால் செயின், கியர் மாற்றும் டீரெய்லரை முன்னே இழுத்து, அது தொங்கும் ஹேங்கரையும் பிய்த்துக்கொண்டு வரும்.

ஷாக்கின் காற்றை முழுதாக விட்டு, பின்பக்கத்தை அமுக்கிக் கட்டிவைத்து, முன்னும் பின்னும் பெரிய பல்லில் செயினைச் சுற்றி அளங்கள். பிறகு ஒரு ஜோடிக் கண்ணி சேர்த்து வெட்டுங்கள். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி வடிவம்; பழைய மாடலுக்குக் கிடைக்கும்போதே இரண்டாக வாங்கிவையுங்கள்.

முன்னால் உள்ள மூன்று பல்சக்கரத்தை ஒன்றாக மாற்ற நினைத்தால் 32 பல் பக்கமே இருங்கள். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சஸ்பென்ஷன் நடுப் பல்சக்கரத்தை மனதில் வைத்தே அமைக்கப்பட்டது. ஷிமானோவின் 9 ஸ்பீட் மலை டீரெய்லரோடு 10 ஸ்பீட் ஷிஃப்டர் ஒத்துப்போகாது. மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பெரிய ஃபோர்க்

100 மி.மீ.க்கு அமைத்த ஃபிரேமில் 140 மி.மீ. ஃபோர்க் போட்டால் முன்பக்கம் சாய்ந்து நவீன வண்டி மாதிரி ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள். 20 மி.மீ.க்கு சுமார் ஒரு டிகிரி சாயும், உண்மைதான். கூடவே பெடல் அச்சு உயரும், சீட் பின்னால் சாயும், ஏற்றத்தில் முன்சக்கரம் திரியும். ஹெட் டியூபின் வெல்டிங்கில் விழும் சுமையும் கூடும். 20 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கும் முன் ஹெட் டியூபைப் பாருங்கள்: பழையவற்றில் பெரும்பாலும் நேரான 1⅛ இன்ச் தண்டுதான் நுழையும், இப்போதைய ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே அகலும் தண்டோடு வருகின்றன.

27.5 சக்கரம் போட்டுப் பார்ப்பது

ஸ்டாண்டில் தொங்கவிட்டால் அழகாகச் சுற்றும். ரிம்மின் விட்டம் 559-இலிருந்து 584 மி.மீ. ஆகிறது, அதாவது டயர் எல்லாத் திசையிலும் 12.5 மி.மீ. வெளியே வந்துவிட்டது. ஷாக்கின் காற்றை விட்டுவிட்டு சீட்டில் முழு எடையோடு உட்காருங்கள். டயர் எங்கே போய் இடிக்கிறது என்று கூட வந்தவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.