மலைக்குளிருக்கு ஏற்ற மோட்டார்ஹோம் பேட்டரி: என் அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம் குடும்பத்தோடு போய்த் தங்கும்போதெல்லாம், எங்கள் மோட்டார்ஹோமில் (வீடு போல் தங்கும் வசதியுள்ள வண்டி) விடியற்காலையில் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். சார்ஜர், ஒயர் எல்லாம் சரி. பெட்டியைத் திறந்து பார்த்தால், வண்டியோடு வந்தது இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் வகை பேட்டரி. உள்ளே மெல்லிய தகடுகள். சில வினாடி பலமாகக் கரண்ட் தரும், இரவு முழுக்கத் தாங்காது.

முதலில் கணக்குப் போட்டேன். ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர், பாதி நேரம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-மணி. விளக்கு, தண்ணீர் பம்ப் சேர்த்தால் சுமார் 60. ஏஜிஎம் என்னும் ஈய-அமில பேட்டரி வகையைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 50தான் கைக்கு வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 தாராளமாக எடுக்கலாம், எடையும் குறைவு. விலை அதிகம்தான், இருந்தாலும் அதையே எடுத்தேன்.

ஆனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் மலையில் உறைபனி விழும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே உலோகம் படிந்து செல் கெட்டுவிடும். காலை வெயில் சோலார் பலகையில் பட்டதும் சார்ஜ் தொடங்கும், பேட்டரியோ இன்னும் சில்லென்று கிடக்கும். அதனால் குளிரில் தானே சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுப் பகுதி) உள்ளதாகக் கேட்டு வாங்கி, வண்டிக்குள்ளேயே இருக்கைக்கு அடியில் வைத்தேன். இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் ஆல்டர்நேட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே, கரண்டை அளவோடு அனுப்பும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தேன். இல்லாவிட்டால் லித்தியம் இழுக்கிற இழுப்பில் ஆல்டர்நேட்டர் சூடேறிவிடும். அப்புறம், பழைய கரண்ட் சார்ஜரில் லித்தியத்துக்கான செட்டிங் இல்லாததால் அதையும் மாற்றினேன்.