பழைய ஜிப்சியில் லடாக்: வண்டியைத் தயார் செய்யும் முறை

தமிழ்நாட்டிலிருந்து லே போக, எந்த வழியில் போனாலும் ஒரு பக்கத்துக்கே மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டும். நல்ல நிலையில் உள்ள மாருதி ஜிப்சி அதைத் தாராளமாகச் செய்யும். எடை ஏறக்குறைய ஒரு டன்தான், எஞ்சின் எளிமையானது, ராணுவம் பல வருடம் ஓட்டியதால் வடக்கே கை பழகிய மெக்கானிக்குகளும் உண்டு.

பழைய ஜிப்சி கைக்கு வந்ததும் பெரிய டயர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), கூரை கேரியர், லைட் வரிசை என்றுதான் மனசு ஓடும். அந்தப் பணத்தில் முதலில் வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான். கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். பாகம் தேடவே நாள் பிடிக்கும்.

படி 1: காகிதங்கள்

பதினைந்து வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து ஆர்.சி.யை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இரண்டும் பயணம் முடியும்வரை செல்ல வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதை அமல்படுத்தும் விதம் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் விசாரித்துவிடுங்கள். தலைவலியே வேண்டாம் என்றால் ஜெய்ப்பூரிலிருந்து ஹிசார் வழியாகச் சண்டிகர் போய்விடலாம்.

படி 2: எஞ்சினும் குளிரூட்டலும்

செலவு செய்யுமுன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லையா? யோசிக்காமல் மாற்றுங்கள்.

நம் ஊர் வண்டிகளில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுவது. இன்னொன்று, 'ஹீட் ஆகாது' என்று தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுப்பது) கழற்றி வீசுவது. லடாக்கில் இரண்டுமே வினை. இரவில் தண்ணீர் உறைந்தால் விரிந்து ரேடியேட்டரையோ எஞ்சின் பிளாக்கையோ பிளந்துவிடும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் முப்பது டிகிரி தாண்டியும் உறையாது. பகலில் பிரச்சினை தலைகீழ்: ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 83 டிகிரிக்கே கொதித்துவிடும். அங்கே எஞ்சின் கொதிக்காமல் இருக்க, ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்துவைக்க வேண்டும். அதனால் ரப்பர் தேய்ந்த மூடியை மாற்றுங்கள். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்போ ஊதலோ இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் அதன் இடத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் குளிரில் எஞ்சின் சூடேறவே ஏறாது.

மணாலி–லே சாலையில் தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதிதான். இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். எம்.பி.எஃப்.ஐ. (மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும்) எஞ்சின் பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி கரும்புகை கக்கித் திணறும். அதற்கு டியூனிங் தெரிந்த கை வேண்டும், ஏர் ஃபில்டரும் சுத்தமாக இருக்க வேண்டும்.

படி 3: முன் ஆக்சில்

பழைய ஜிப்சியில் அதிகம் சோதிக்க வேண்டிய இடம் இதுதான். குறிப்பிட்ட வேகத்தில் ஒரு பள்ளம் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் நிற்காமல் ஆடுகிறதா? பலர் ஸ்டியரிங் டேம்பர் (ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டிச் சமாளிப்பார்கள். ஆட்டம் மறையும், காரணம் உள்ளேயே இருக்கும்.

ஜாக்கியில் முன் சக்கரத்தைத் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லூசாக இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) பேரிங். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது லூஸ் என்றால் டை ராட் எண்டுகளை (சக்கரங்களைத் திருப்பும் தண்டின் முனைகள்) பாருங்கள். சக்கரத்தின் பின்னால் இருக்கும் உருண்டை மூட்டில் கிரீஸ் ஒழுகியிருந்தால் சீலும் போயிருக்கிறது. அதைத் திறக்கும் போதே கிங்பின் பேரிங்கையும் மாற்றிவிட்டால் ஒரே கூலி.

அப்படியே லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை உடைந்திருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸில் துரு பிடித்த இடங்களைச் சுத்தியால் தட்டுங்கள். சத்தம் மந்தமாக வந்தால் வெல்டிங் வேலை இருக்கிறது.

படி 4: பிரேக், டயர்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பழைய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் பஞ்சு போல் இறங்கிவிடும். முழுசாக மாற்றுங்கள், ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்து. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர், பட்டன் தேயாமல் இருந்தாலும் வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே கணக்கு.

படி 5: ஃபோர் வீல்

நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஃபோர் வீலைப் பல வருடம் போடாமலே கிடந்தால் அதன் லீவர் இறுகியிருக்கும். மணல் அல்லது சேற்றுத் தரையில் முன் ஹப்பை (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் நடுப்பகுதி) லாக் செய்து, முதலில் ஹை (சாதாரண வேகத்துக்கு), பிறகு வண்டியை நிறுத்தி லோ (மெதுவாக, அதிக இழுவைக்கு) போட்டுப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் போட வேண்டாம். திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடுவதால் கியர்களில் முறுக்கு ஏறும். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்சில்கள் எல்லாவற்றிலும் ஆயில் மாற்றிவிடுங்கள்.

படி 6: பெட்ரோல், சுமை, உதிரி

கீலாங் பக்கம் தாண்டியில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்ற பலகை பிரசித்தம். ஜிப்சியின் டேங்க் 40 லிட்டர். மலையில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால் 360 கிலோமீட்டரிலேயே தீர்ந்துபோகும். ஆகவே 20 லிட்டர் உலோக கேன் ஒன்று வேண்டும். அதைக் கூரையில் ஏற்றாமல் பின்பக்கம் வெளியே கட்டுங்கள், விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

கூரையில் கனம் ஏறினால் இந்தக் குறுகலான வண்டி திருப்பத்தில் சாயும். ஆகவே கனமானது கீழே, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே. உதிரியில் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பிளக், ஃபியூல் ஃபில்டர், எம்.பி.எஃப்.ஐ. என்றால் ஃபியூல் பம்ப், ஒரு வீல் பேரிங், ஃபியூஸ், எம்-சீல், கட்டுக்கம்பி போதும்.

படி 7: சோதனை ஓட்டம்

லடாக்குக்கு ஏற்றும் அதே சுமையோடு, அதே ஆட்களோடு கொல்லிமலை ஏறி இறங்குங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளையும் இறங்கும்போது பிரேக்கையும் கவனியுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே விட்டால் பிரேக்குக்கு வேலை குறையும். இப்படி ஆயிரம் கிலோமீட்டராவது ஓட்டிய பிறகு லீஃப் ஸ்பிரிங் யூ போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் மறுபடி முறுக்கி, ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஆயில் சொட்டு இருந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு கிளம்புங்கள்.