வாடகை வீட்டுக்குப் பிணை நிற்க வருபவரை எப்படி விசாரிப்பது

திருகோணமலையில், உவர்மலையிலோ உப்புவெளியிலோ வீடு வாடகைக்கு விட்டால் வருகிறவர் பலநேரம் வெளியூர்க்காரர்தான், பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளை அல்லது இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர். பிணைக்கு யார் என்று கேட்டால் "மாமா இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்" என்பார்கள். சரி, அந்த மாமாவைத்தான் இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டும், ஏனென்றால் வாடகை நின்றால் நீங்கள் போய் நிற்கப்போவது அவர் வாசலில்.

நேரில் வரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அடையாள அட்டைப் படத்தை நம்பாமல் அசலைப் பாருங்கள். புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்; அட்டையில் உள்ள பிறந்த திகதியோடு இது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விலாசத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கேளுங்கள்.

சம்பளச் சிட்டையில் மேலே இருக்கும் தொகையை விடுங்கள், கழிவெல்லாம் போய்க் கைக்கு வருவது எவ்வளவு? வாடகையைப் போல மூன்று மடங்காவது மிஞ்சாவிட்டால் நான் வேறு ஆளைக் கேட்பேன். இன்னொன்று, அரச உத்தியோகத்தர் என்றால் கூட வேலை செய்பவர்களின் வங்கிக் கடனுக்கெல்லாம் பிணை நின்றிருப்பார், அது சிட்டையில் தெரியாது. ஒருவரின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) அறிக்கையில் தெரியும். அதை நீங்கள் எடுக்க முடியாது, அவரே எடுத்துக் காட்ட வேண்டும். கேட்டால் சிலர் முகத்தைத் தூக்குவார்கள், தூக்கட்டும்.

வாய்ப்பேச்சுப் பிணை செல்லாது. இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் கடனுக்குப் பொறுப்பேற்பவர் எழுத்தில் கையொப்பமிட்டிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகையையும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில்தான் எழுத வேண்டும், அதனால் அன்றைக்கே பிணைக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வாடகை மட்டுமா, மின்சார பில்லும் உடைந்த சாமானும் சேர்த்தா, ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் பிணை தொடருமா என்று எழுத்திலேயே இருக்கட்டும். "முதலில் குடியிருப்பவரிடம் வசூலி, பிறகு என்னிடம் வா" என்று சொல்லும் உரிமை பிணைக்காரருக்கு உண்டு. வங்கிகள் அதை விட்டுக்கொடுக்க வைத்துத்தான் கையெழுத்து வாங்குகின்றன, நீங்களும் நொத்தாரிசிடம் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வரியைப் போடச் சொல்லுங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணன் பிணை என்றால்? நல்ல மனிதராக இருக்கலாம், மாதாமாதம் காசும் அனுப்பலாம், ஆனால் திருகோணமலை நீதிமன்றத்துக்கு அவரை அழைப்பது லேசான காரியமில்லை. அவருக்குப் பதிலாக உள்ளூரில் ஒருவரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் முற்பணத்தைக் கூட்டி வாங்குங்கள்.