மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கணினி மெதுவாகிவிட்டது என்றதும் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன். ஒரு கடையில் போர்டு (மற்ற பாகங்களெல்லாம் மாட்டும் மதர்போர்டு), பிராசசர், ரேம் மூன்றையும் மாற்றச் சொன்னார்கள். நல்லவேளை, கையில் அவ்வளவு வெள்ளி இல்லை.

முதலில் சிபியு-இசட் மென்பொருளில் உங்கள் போர்டின் பெயரைப் பாருங்கள். என்னுடையது பி450, ஏஎம்4 சாக்கெட். சாக்கெட் என்பது பிராசசர் உட்காரும் இடம்; ஏஎம்4 ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர்களுக்கானது. அதிலிருந்த ரைசன் 5 2600ஐ எடுத்துவிட்டு 5600ஐ மாட்டலாம். போர்டு அப்படியே இருக்கும். அதற்கு எந்த பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு தேவை என்பது தயாரிப்பாளரின் தளத்தில், பிராசசர் பட்டியலில் இருக்கும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். நான் புதியதை மாட்டிய பிறகுதான் யோசித்தேன். திரை கறுப்பாகவே கிடந்தது. பிராசசரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, பழையதை மறுபடி மாட்டி, அரை நாள் போச்சு. அப்புறம், நம் கோலாலம்பூர் சாயங்கால இடிமழையில் பயாஸைப் புதுப்பிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் போர்டே படுத்துவிடலாம்.

எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), கூடுதல் ரேம் இவற்றுக்குப் பெரும்பாலும் போர்டைத் தொட வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டு என்றால் பவர் சப்ளை தாங்குமா என்று பாருங்கள்.

ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5க்குப் போவதானால் போர்டு மாறியே ஆக வேண்டும். அது டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே ஏற்கும், ஏஎம்4 போர்டின் ரேம் பொருந்தாது, ஆக அந்தச் செலவும் சேரும். இன்டெல்லில் 10, 11ஆம் தலைமுறை போர்டில் 12ஆம் தலைமுறை பிராசசர் உட்காராது. போர்டில் கெப்பாசிட்டர் (சிறு உருளை போன்ற மின்பாகம்) உப்பியிருந்தால் கேள்வியே இல்லை, மாற்றிவிடுங்கள்.